கியர் பொக்ஸைப் பிரிப்பதற்கு முன்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் கியர் சரியாக விழவில்லை என்று கராஜுக்குக் கொண்டு சென்றால், பெரும்பாலும் கிடைக்கும் முதற் பதில் “இஞ்சினை இறக்கிப் பிரிக்க வேணும்” என்பதாகும். சில வேளைகளில் அது உண்மை. பல வேளைகளில் கோளாறு கியர் பொக்ஸுக்கு வெளியே, ஒரு ஸ்பானரும் ஒரு ஸ்குறூ டிறைவரும் எட்டக்கூடிய இடத்திலேயே இருக்கின்றது. இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. மரக்கறிச் சாக்கைச் சந்தைக்கு ஏற்றுவதும், பாலைச் சேகரிப்பு நிலையத்தில் கொடுப்பதும், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும், விட்டு வந்த காணியைப் போய்ப் பார்த்து வருவதும் அந்த ஒரு வண்டியினால்தான். எனவே எதைப் பிரிக்க வேண்டும், எதைப் பிரிக்கத் தேவையில்லை என்பதை வண்டிக்குச் சொந்தக்காரரே ஓரளவு அறிந்திருப்பது நல்லது.

எமது பகுதிகளில் இன்றும் ஓடுகின்ற பழைய ஹொண்டாக்களையே இங்கு உதாரணமாகக் கொள்கின்றோம். இவற்றில் இரண்டு வகை உண்டு. சீ. 90, எம்.டி. 90 போன்றவற்றில் கைக் கிளச் இல்லை. கியர் மிதியை அழுத்தும்போது கிளச் தானாகவே விடுபடுகின்றது. சீ.டீ. 125, சீ.ஜீ. 125 போன்றவற்றில் கிளச்சைக் கையால் பிடிக்க வேண்டும். இரண்டு வகையிலும் இஞ்சின், கிளச், கியர் பொக்ஸ் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கியர் பொக்ஸினுள் இரண்டு அச்சுகள் உள்ளன. ஒன்று கிளச்சினூடாக இஞ்சினின் வலுவைப் பெறுகின்றது. மற்றது செயினை இழுக்கின்றது. இரண்டிலுமுள்ள பற்சில்லுகள் எப்போதும் சோடி சோடியாகப் பொருந்தியே இருக்கும். கியர் மாற்றும்போது ஒரு சில்லு அச்சின் வழியே பக்கவாட்டில் நகர்ந்து, தன் பக்கத்திலுள்ள தடித்த முட்டுக்களால் அடுத்த சில்லைப் பூட்டிக்கொள்கின்றது. அதை நகர்த்துவது கவை போன்ற ஒரு துண்டு. கவையை நகர்த்துவது தவாளிப்பு வெட்டப்பட்ட ஓர் உருளை. உருளையைத் திருப்புவது உங்கள் கால்.

முதற் சோதனைக்குச் செலவு எதுவுமில்லை. இஞ்சினை நிறுத்தி, வண்டியை நடு ஸ்ராண்டில் ஏற்றி, பின் சில்லைக் கையால் முன்னோக்கிச் சுற்றியபடி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். சில்லைச் சுற்றாமல் போட்டால் முட்டுக்கள் நேருக்கு நேர் நின்று, நல்ல வண்டியிலும் கியர் விழ மறுக்கலாம். இப்படி எல்லாக் கியர்களும் சுலபமாக விழுந்து, இஞ்சின் ஓடும்போது மாத்திரம் இறுகினால், அல்லது நின்ற இடத்தில் நியூற்றல் அகப்படாவிட்டால், கோளாறு அநேகமாகக் கிளச்சில். அது முழுமையாக விடுபடவில்லை. இஞ்சின் நின்றிருக்கும்போதும் விழாவிட்டால்தான் கியர் மிதியையும் உட்பகுதியையும் சந்தேகிக்க வேண்டும்.

கைக் கிளச் உள்ள வண்டியில் கைபிடியின் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை தளர்வாக அசைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் கிளச் விடுபடாது. கியர் உராய்ந்து விழும். தளர்வே இல்லாவிட்டால் கிளச் வழுக்கும்; இஞ்சின் அலறும், வேகம் ஏறாது. வயரின் நுனியில் இழைகள் அறுந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

சீ. 90 வகையில் சரிசெய்யும் திருகு இஞ்சினின் வலப்பக்க மூடியில் இருக்கின்றது. இஞ்சினை நிறுத்திவிட்டு, பூட்டு நட்டைத் தளர்த்தி, நடுவிலுள்ள திருகை வலப்புறமாக ஒரு சுற்றுத் திருப்புங்கள். அதற்கு மேல் வேண்டாம். பின்னர் மெதுவாக இடப்புறம் திருப்பிக்கொண்டு வர, ஓரிடத்தில் சிறிய எதிர்ப்புத் தெரியும். அவ்விடத்திலிருந்து எட்டிலொரு சுற்று மீண்டும் வலப்புறம் திருப்பி, திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். ஐந்து நிமிட வேலை. கறவைப் பசுவை விற்று கியர் பொக்ஸ் திருத்திய குடும்பமொன்றை நாம் அறிவோம். புதிய பற்சில்லுகள் போட்ட பின்பும் வண்டி முன்போலவே உதறியது. இறுதியில் இந்தத் திருகைச் சரிசெய்தபோதுதான் உதறல் நின்றது.

அடுத்தது கியர் மிதி. வண்டி ஒருமுறை இடப்பக்கம் விழுந்திருந்தால் மிதி வளைந்து மூடியிலோ காலூன்றியிலோ முட்டும். கியர் பாதியில் நிற்கும். மிதி அச்சில் பொருந்தும் வரிப்பற்கள் தேய்ந்திருந்தால் மிதி அசையும், அச்சு திரும்பாது. போல்ற்றைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். மிதி தளர்ந்து, அழுத்திய பின் மேலே வராவிட்டால் உள்ளேயுள்ள மீள்சுருள் முறிந்திருக்கலாம். இதற்குப் பக்க மூடியைத் திறக்க நேரிடும். ஆயினும் இஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டுமா என்பதை மூடியைத் திறந்து பார்த்தபின்பே தீர்மானிக்கச் சொல்லுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் கழன்று விழுவதே உண்மையான உட்பழுதுக்கு முக்கிய அடையாளம். சுமையுடன் மணலிலோ மேட்டிலோ இழுக்கும்போது இது கூடுதலாகத் தோன்றும். முட்டுக்களின் விளிம்பு உருண்டுவிட்டது, அல்லது கவை வளைந்துவிட்டது, அல்லது உருளையை நிறுத்திப் பிடிக்கும் சுருள் தளர்ந்துவிட்டது என்பது இதன் பொருள். ஆனால் ஏமாற்றும் கோளாறு ஒன்றும் உண்டு. தேய்ந்த செயின் தேய்ந்த பற்சில்லின் மேல் ஏறித் தாண்டும்போதும் இதேபோன்ற உதறலும் சத்தமும் எழும். வேறுபடுத்தி அறிய, வெறுமையான வீதியில் கால்விரலை மிதியின் மேல் இலேசாக வைத்தபடி இழுத்துப் பாருங்கள். கியர் கழன்றால் மிதி விரலை உதைக்கும். மிதி அசையாமல் உதறல் மட்டும் வந்தால் செயினைப் பாருங்கள்.

இனி ஒயில். வண்டியின் வைத்தியப் பரிசோதனை இதுவே என்று சொல்லலாம். சற்று ஓடிச் சூடான ஒயிலை வெள்ளைப் பீங்கானிலோ வெளிர்நிறத் தட்டிலோ வடித்து, பழைய வானொலி ஒலிபெருக்கியின் காந்தமொன்றை மெல்லிய பொலித்தீனில் சுற்றி அதனுள் அசையுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு போல் சிறிது ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். ஊசி, செதில் போன்ற இரும்புத் துண்டுகள் ஒட்டினால் பற்சில்லோ முட்டோ உடைகின்றது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கம் வெண்கலப் புஷ்ஷிலிருந்து வருவது. ஒட்டாத வெண்மினுக்கம் அலுமினியம். கறுத்த நார்த்துகள் கிளச் தட்டினுடையது.

ஒயில் பாற்தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. வெள்ளத்தில் நின்ற வண்டியை எக்காரணம் கொண்டும் உடனே உதைத்து இயக்க வேண்டாம். முழுவதையும் வடித்து, மலிவான ஒயில் விட்டுச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்த பின்பே நல்ல ஒயில் ஊற்றுங்கள். 2009 இல் வன்னியில் கைவிடப்பட்டு, மழையிலும் சேற்றிலும் கிடந்து, பின்னர் மீட்கப்பட்ட வண்டிகளில் பெயாரிங்குகள் துருப்பிடித்துக் கெட்டதற்கு உள்ளே தங்கிய இந்த ஈரமே காரணம்.

மண்ணெண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990 இல் போர் மீண்டும் மூண்டு வடக்கிற்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை எம்மவர்கள் கைக்கொண்டார்கள். 2022 தட்டுப்பாட்டின்போதும் சிலர் அதற்குத் திரும்பினார்கள். வேறு வழியில்லாத காலத்தில் அதைக் குறைசொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்குகின்றது. ஒயில் நீர்த்துப்போக, அதே ஒயிலில் சுழலும் பற்சில்லுகளும் தேய்கின்றன. ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்து, மண்ணெண்ணெய் மணமும் வீசினால் உடனே மாற்றிவிடுங்கள். அளவு பார்க்கும்போது அளவுகோலைத் திருகி இறுக்காமல், துளையில் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். சீ. 90 போன்றவை ஒரு லீற்றருக்கும் சற்றுக் குறைவாகவே கொள்வதால் சிறு குறைவும் பாதிக்கும். ஒயில் பேணியில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கின்றதா என்று பாருங்கள்; அது மோட்டார் சைக்கிள் கிளச்சுக்கு ஏற்றது. உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த கார் ஒயில்கள் கிளச்சை வழுக்கச் செய்யும்.

சத்தமும் இடத்தைக் காட்டித் தரும். ஒரு கியரில் மாத்திரம் முனகல் கேட்டால் அந்தச் சோடிப் பற்சில்லுகள். நியூற்றலில் கேட்டு, கைக் கிளச்சைப் பிடித்ததும் நின்றால் கிளச்சோடு சேர்ந்த அச்சின் பெயாரிங், அல்லது கிளச்சே. இஞ்சினை நிறுத்தி இறக்கத்தில் உருளும்போதும் தொடர்ந்தால் செயின், பின் சில்லுப் பெயாரிங் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஒரு கியரில் ஒழுங்காக “டக் டக்” என்று அடித்தால் பல்லொன்று உடைந்திருக்கலாம். அந்த வண்டியை அதன் பின் ஓட்டக்கூடாது. உடைந்த துண்டு இரு சில்லுகளுக்கிடையே சிக்கினால் பின் சில்லு இறுகி ஆளையும் விழுத்தும், இஞ்சின் கூட்டையும் வெடிக்கச் செய்யும்.

இவ்வளவும் பார்த்தபின் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் பிரியுங்கள். ஆனால் கழற்றிய பழைய பாகங்களைத் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உருண்ட முட்டுக்களை அரத்தால் தீட்டிச் சரிசெய்வதாகச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அந்த உருக்கின் கடினம் மேற்பரப்பில் மாத்திரமே உண்டு, தீட்டியது விரைவில் மீண்டும் தேயும். முட்டு தேய்ந்த சில்லை மாற்றும்போது அது பூட்டிக்கொள்ளும் மறுசில்லையும் கவையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றை மாத்திரம் மாற்றுவது பணத்தைப் பாதியாக வீணாக்குவதாகும். கழற்றிய பூட்டு வளையங்களும் கஸ்கெட்டுகளும் மீண்டும் போடப்படாமல் புதியவை வரட்டும். பூட்டிய பின் சுமையேற்றாமல் 500 கிலோமீற்றர் அளவு ஓடி, ஒயிலை மறுபடியும் வெள்ளைத் தட்டில் வடித்து, அதே காந்தத்தை அதனுள் விட்டுப் பாருங்கள்.