அறுபது பிஎஸ்ஐ-யும் உடைஞ்ச கிராஸும்: ஏர் சஸ்பென்ஷன் லாரிக்கு ஒரு உயரங்காட்டி

எங்க மாமா நாமக்கல்லில் இருந்து பாலக்காட்டுக்கு முட்டை லோடு ஓட்டுறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்டில் ஒரு லாரி வாங்கினார். பின் அச்சுக்கு லீஃப் ஸ்பிரிங் கிடையாது, இரண்டு பக்கமும் ஏர் பெல்லோ. முட்டைக்கு இதைவிட நல்ல சஸ்பென்ஷன் வேற என்ன வேணும்? ஆனா வண்டியை முன்னாடி வெச்சிருந்தவர் லெவலிங் வால்வைக் கழட்டிட்டு, கேபினில் ஒரு கை வால்வும் ஒரு பிரஷர் கேஜும் மாட்டியிருந்தார். வால்வை ஒரு பக்கம் திருப்பினா பெல்லோவுக்குக் காற்று ஏறும், மறுபக்கம் திருப்பினா இறங்கும். "அறுபதுல வெச்சுக்குங்க, போதும்" என்பதுதான் வண்டியோடு சேர்ந்து வந்த ஒரே உபதேசம்.

எட்டு மாசத்துல ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோட பின்பக்க கிராஸ், அதாவது நம்ம புத்தகத்துல வர்ற யுனிவர்சல் ஜாயிண்ட், இரண்டு தடவை உடைஞ்சது. ஒரு ஷாக் அப்சார்பர் மேல்முனையோட பிய்ஞ்சு வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் பாகத்தை மாத்தினாங்க, காரணத்தை யாரும் தேடலை. லீவுக்குப் போனப்ப நான் சும்மாதான் கேட்டேன், "எந்த இடத்துல மாமா உடைஞ்சது?"

"ரெண்டு தடவையும் திரும்பி வர்றப்பதான் மாப்ள. காலி வண்டி."

காலி வண்டியில் எப்படி உடையும்? அதிக லோடு ஏத்தினா உடையும்னுதான் நாம கேள்விப்பட்டிருக்கோம். இதுக்கு விடை விசை = அழுத்தம் × பரப்பு என்ற ஒரு வரியில் இருக்கு. அந்த ஒரு வரிதான் எங்க மூணு பேரோட மினி ப்ராஜெக்டா ஆச்சு.

கேஜ் எதைக் காட்டுது?

ஒரு பெல்லோவின் பயனுறு பரப்பு 400 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சுலபமாக இருக்க, பெல்லோ நேராக அச்சுக்கு மேலேயே இருப்பதாகவும் எடுத்துக்கொள்வோம். லோடு ஏறிய வண்டியில் ஒரு பெல்லோவுக்கு 2000 கிலோ பாரம் வந்தால், அதைத் தாங்க 4.9 பார் அழுத்தம் வேண்டும், அதாவது 71 பிஎஸ்ஐ. ஐம்பதாயிரம் முட்டையை இறக்கிட்டா (ஒன்னு 55 கிராம்னா மொத்தம் 2.75 டன், பெரும்பாலும் பின் அச்சு மேல) ஒரு பெல்லோவுக்கு 600 கிலோ அளவுதான் மிச்சம். இப்போ தேவை வெறும் 21 பிஎஸ்ஐ.

லோடு மாறாம இருக்கும்போது இன்னும் கொஞ்சம் காற்று அடிச்சா என்ன ஆகும்? அழுத்தம் கூடும்னுதான் நானும் சொன்னேன். கூடாது. சேசிஸ்தான் மேல போகும். பாரம் அதே, பரப்பு கிட்டத்தட்ட அதே, அதனால அழுத்தமும் கிட்டத்தட்ட அதே. உள்ளே போன காற்று முழுக்க உயரமா மாறிடுது. சேசிஸ் 200 மி.மீ. உயரத்தில் நின்னாலும் 260 மி.மீ. உயரத்தில் நின்னாலும் கேஜ் 71 பக்கத்துலயே நிற்கும். பிஸ்டன் வடிவத்தைப் பொறுத்து பரப்பு சற்று மாறத்தான் செய்யும், ஆனா நடு ஓட்டத்தில் அது கேஜ் முள்ளில் கண்டுபிடிக்கிற அளவுக்கு இருக்காது.

முள் நல்லா நகர்றது இரண்டு முனையில் மட்டும். சேசிஸ் முழுசா இறங்கி பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்தா பாரத்தில் ஒரு பங்கை அந்த ரப்பர் வாங்கிக்கும், முள் இறங்கும். முழுசா மேல போய் ஷாக் அப்சார்பர் தன் நீளத்தின் கடைசி வரைக்கும் இழுபட்டா அதுக்கு மேல உயர வழி இல்லை, அப்போ முள் ஏறும்.

இப்போ மாமாவோட அறுபதைப் பாருங்க. லோடோட போகும்போது 71 தேவை, இருக்கிறது 60. வண்டி பம்ப் ஸ்டாப் மேல உட்கார்ந்தே பாலக்காடு போகுது, ஏர் சஸ்பென்ஷனுக்குக் கொடுத்த காசு வீண். திரும்பும்போது 21 தேவை, இருக்கிறது 60. அறுபதில் ஒரு பெல்லோ சுமார் 1690 கிலோ அளவுக்குத் தள்ளும். மேல இருக்கிறது 600 கிலோ. மிச்சம் ஒரு டன்னுக்கு மேல, அதை இழுத்துப் பிடிச்சிட்டு இருக்கிறது ஒத்தை ஷாக் அப்சார்பர். அது பிய்ஞ்சதுல ஆச்சரியமே இல்லை.

கிராஸ் உடைஞ்சதுக்கும் இதுதான் வேர். இந்த வண்டியில் அச்சு ஒரு ட்ரெய்லிங் ஆர்மில் கட்டியிருக்கு. சேசிஸ் உயரம் மாறினா ஆர்ம் சாயும், ஆர்மோட சேர்ந்து டிஃபரன்ஷியலோட மூக்கும் சாயும். ஆர்ம் நீளம் 500 மி.மீ.ன்னா, 50 மி.மீ. உயர மாற்றத்துக்கு 5.7 டிகிரி சாய்வு. ஒரு கிராஸ் கோணத்தில் சுத்தும்போது வெளியே வர்ற வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். முன் கிராஸ் போடுற இந்த ஏற்ற இறக்கத்தை பின் கிராஸ் சரிக்கட்டணும்னா இரண்டு கோணமும் சமமா இருக்கணும். ஒன்னு மட்டும் ஐந்து டிகிரி விலகினா சரிக்கட்டல் போச்சு. காலி வண்டியை வேகமா வேற ஓட்டுவாங்க. அதிர்வெல்லாம் பேரிங் தலையில்.

ஆக டிரைவருக்குத் தெரிய வேண்டியது உயரம். அவர் கையில் இருந்தது எடைக்கருவி.

"லெவலிங் வால்வையே திரும்பப் போட்டா என்ன?" என்று எங்க கைடு முதல் ரிவ்யூவில் கேட்டார். நியாயமான கேள்வி, சரியான தீர்வும் அதுதான். வால்வு, பைப்பிங், இரண்டு நாள் வண்டி நிற்கிற நஷ்டம் எல்லாம் சேர்த்து மாமா அடுத்த எஃப்.சி.க்குத் தள்ளி வெச்சிருந்தார். அதுவரைக்கும் ஓடணுமே. அதோட, வால்வு இருக்கிற வண்டியிலும் அதோட லிங்க் ராடு கழண்டு போனா டிரைவருக்கு யாரும் சொல்ல மாட்டாங்க.

பெயிண்ட் டப்பாவில் இருந்து ஆரம்பிச்சோம்

முதல் உயரங்காட்டிக்கு ஆன செலவு பெயிண்ட் மட்டும். அச்சில் ஒரு தட்டையான கம்பியை நிமிர்த்தி போல்ட் போட்டோம், சேசிஸில் பச்சைப் பட்டை அடிச்சோம். கம்பியின் நுனி பச்சைக்குள் இருந்தா சரி. உங்க வீட்டு வண்டிக்கு ஏதாவது செய்யணும்னா தயவுசெய்து இதில் இருந்து ஆரம்பிங்க. பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துடும். குறை என்னன்னா, இறங்கிக் குனிஞ்சு பார்க்கணும். ராத்திரி இரண்டு மணிக்கு முட்டை இறக்கிட்டு மழையில் யார் குனிவாங்க?

அடுத்தது அல்ட்ராசானிக் சென்சார். எல்லா ப்ராஜெக்டிலும் வர்ற அதே ஹெச்.சி.-எஸ்.ஆர்.04. லேபில் அருமையா வேலை செஞ்சது. லாரிக்கு அடியில் சேறு அடிச்சதும் காது அடைச்சுப் போச்சு. சேறு இல்லைன்னாலும் ஒரு சிக்கல் உண்டு: 25 டிகிரியில் இருந்து 45 டிகிரிக்குப் போனா ஒலியின் வேகம் 3.3 சதவீதம் கூடும். 250 மி.மீ. தூரத்தில் அது கிட்டத்தட்ட 8 மி.மீ. பிழை. லேசர் தூரமானியும் பார்த்தோம், அதுக்குக் கண்ணாடி சுத்தமா இருக்கணும். லாரிக்கு அடியில் சுத்தமான கண்ணாடியா!

கடைசியில் லெவலிங் வால்வு செய்யிற வேலையையே காப்பி அடிச்சோம். சேசிஸில் ஒரு அச்சாணி, அதில் 150 மி.மீ. கை, கையின் நுனியில் இருந்து அச்சுக்கு ஒரு லிங்க் ராடு (பழைய இரும்புக் கடையில் கிடைச்சது). உயரம் மேலும் கீழும் 60 மி.மீ. மாறினா கை இரண்டு பக்கமும் சுமார் 23.6 டிகிரி சுத்தும், மொத்தம் 47 டிகிரி. அச்சுக்கு நடுவில், டிஃபரன்ஷியல் பக்கத்தில் மாட்டினோம். இரண்டு பெல்லோவும் ஒரே லைனில் இருக்கு, வளைவில் வண்டி சாஞ்சாலும் நடுவில் உயரம் பெரிசா மாறாது.

கோணத்தை அளக்க முதலில் சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் போட்டோம். ஒரே இடத்தில் நாள் முழுக்க அதிர்ந்து அதிர்ந்து கார்பன் தடம் தேய்ஞ்சு, ரீடிங் குதிக்க ஆரம்பிச்சது. அதுக்குப் பதிலா ஏ.எஸ்.5600 என்ற காந்தக் கோண சென்சார். அச்சாணி நுனியில் ஒரு சின்ன வட்டக் காந்தம், எதிரில் சிப், நடுவில் காற்று மட்டும். தொடுறதே இல்லை, அதனால தேய வழி இல்லை. சென்சார் முழுவதையும் எப்பாக்ஸியில் மூடிட்டோம். காந்தம் விட்டத்துக்குக் குறுக்கே காந்தமேற்றினதா இருக்கணும், கடையில் சும்மா கேட்டா கிடைக்கிறது மேல் கீழ் துருவம் உள்ளது. நாங்க முதல்ல தப்பானதை வாங்கி ஒரு வாரம் கோடைத் திட்டினோம்.

சென்சாரோட அனலாக் வெளியீட்டை கேபினில் இருக்கிற ஆர்டுயினோ நானோ படிக்கும். 10 பிட் ஏ.டி.சி.யில் 47 டிகிரிக்கு சுமார் 134 படி, அதாவது ஒரு படிக்கு 0.9 மி.மீ. போதும், தாராளம்.

லாரி பேட்டரி 24 வோல்ட் என்பதை மறந்துடாதீங்க. ஓடும்போது பேட்டரி இணைப்பு கழண்டா ஆல்டர்னேட்டர் தர்ற அடி நூறு வோல்ட்டைக்கூடத் தாண்டலாம். எங்க முதல் நானோ புகைஞ்சே போச்சு. அதுக்கப்புறம் ஒரு ஃபியூஸ், ஒரு டி.வி.எஸ். டயோடு (பைக் கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை), அப்புறம்தான் பக் கன்வர்ட்டர். மொத்தச் செலவு, புகைஞ்சதைச் சேர்க்காம, ஆயிரம் ரூபாய்க்குள்.

மூணு விளக்கு போதும்

முதலில் எல்.சி.டி.யில் மில்லிமீட்டர் காட்டினோம். ஓடும்போது எண் பைத்தியம் பிடிச்ச மாதிரி மாறிட்டே இருந்துச்சு. வண்டி உடம்பு நொடிக்கு ஒன்றிரண்டு தடவை ஆடும், சக்கரம் பத்து தடவை அளவுக்குத் துள்ளும். அதனால நொடிக்கு 20 ரீடிங் எடுத்து, ஒவ்வொரு தடவையும் பழைய சராசரிக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தில் 160-ல் ஒரு பங்கை மட்டும் சேர்த்தோம். எட்டு நொடி நிதானம் வந்துடுச்சு. அப்புறம் திரையையே தூக்கிட்டு மூணு விளக்கு வெச்சோம்: தாழ்ந்தா சிவப்பு, உயர்ந்தா மஞ்சள், சரியான உயரத்துக்கு 12 மி.மீ. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வரை பச்சை. எல்லையில் விளக்கு மாறி மாறி மின்னாம இருக்க 4 மி.மீ. விட்டுக்கொடுத்தல்.

சரியான உயரம் எதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. சஸ்பென்ஷன் தயாரிப்பாளர் கொடுத்த எண்ணை மட்டும் எடுங்க. அந்த நீளத்துக்கு ஒரு மரக்கட்டை அறுத்து, சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவில் வெச்சு, அது சரியா பொருந்துற இடத்தை நடுப்புள்ளியா பதிஞ்சோம். இதுக்கு வண்டி சமதளத்தில் நிற்கணும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடைவெளி விட்டு கட்டை வெச்சுட்டு பார்க்கிங் பிரேக்கை எடுத்து விடணும். ட்ரெய்லிங் ஆர்ம் சாயும்போது சக்கரமும் துளி உருள வேண்டியிருக்கும். பிரேக் பிடிச்சிருந்தா உருள முடியாம உயரம் தப்பா நிற்கும். எங்க முதல் அளவு இதனால்தான் தப்பாச்சு. இன்னொன்னு, பெல்லோ வெடிச்சா சேசிஸ் ஒரு நொடியில் இறங்கிடும். சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுக்காம கையையோ தலையையோ நடுவில் விடாதீங்க. நாங்க கட்டையை ஒரு நீளக் கம்பி நுனியில் கட்டித்தான் உள்ளே நீட்டினோம்.

இப்போ மாமா பாலக்காட்டில் முட்டை இறக்கின உடனே மஞ்சள் எரியுது, வால்வைத் திருப்பிப் பச்சைக்குக் கொண்டுவர்றார். அப்போ கேஜ் எவ்வளவு காட்டுதுன்னு கேட்டேன். "இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு இருக்கும்" என்றார். லோடு ஏத்தினா எழுபதைத் தாண்டுதாம். ஓடும்போது வால்வைத் தொடக்கூடாது, நிறுத்திட்டுத்தான் என்பது எங்க நிபந்தனை.

மரக்கட்டையும் கம்பியும் டூல் பாக்ஸில் இருக்கு. போன வாரம் போனப்ப பார்த்தேன், பச்சை எரிஞ்சிட்டு இருக்கும்போதே மாமா இறங்கிப் போய் கட்டையை நீட்டிப் பார்த்துட்டு இருந்தார். "உங்க லைட்டு சரியாத்தான் இருக்குது மாப்ள" என்றார்.