பாட்டிக்குச் சொல்ல முடிந்தால் பாடம் புரிந்தது

தாதிமைப் படிப்பில் சேரும் எவரும் தொடக்கத்திலேயே சந்திக்கும் பாடம் உடற்கூறும் உடலியங்கியலும். உடலில் எது எங்கே இருக்கிறது என்று சொல்வது உடற்கூறு. அது என்ன வேலை செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று சொல்வது உடலியங்கியல். பாடப்புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்ததுமே பலருக்கு மனம் சோர்ந்துவிடும். வளர்ந்தவர் உடலில் எலும்புகள் மட்டுமே 206. தசைகள் 600க்கும் மேல். பெயர்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்க மொழிகளிலிருந்து வந்தவை.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமைப் பட்டயக் கல்வியின் இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். இந்தப் பாடத்தை எப்படிப் படித்தாய் என்று உயர்நிலைப் பள்ளியில் இருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதுண்டு. மனப்பாட அட்டைகள், வண்ணப் பேனாக்கள், உடலை முப்பரிமாணத்தில் காட்டும் செயலிகள் எல்லாமே உதவும். எனக்கு அதிகம் கைகொடுத்தது வேறொரு பழக்கம். ஓர் உறுப்பைப் பற்றிப் படித்து முடித்ததும், ஆங்கிலம் தெரியாத ஒரு பாட்டி எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அதைத் தமிழில் வாய்விட்டு விளக்குவேன். எந்த இடத்தில் பேச்சு தடுமாறுகிறதோ, அந்த இடத்தை மறுபடியும் படிப்பேன்.

இது தேர்வுக்கான உத்தி மட்டும் அன்று. சிங்கப்பூர் மருத்துவமனைகளில் பல நாட்டுத் தாதியர் பணிபுரிகிறார்கள். தமிழில் மட்டுமே சரளமாகப் பேசக்கூடிய மூத்தோரும் வார்டுகளில் இருக்கிறார்கள். விளக்கம் ஆங்கிலத்தில் மகனிடமோ மகளிடமோ சொல்லப்படும். அவர்கள் அதை இரண்டு வரியில் சுருக்கிப் பெற்றோரிடம் சொல்வார்கள். பெரியவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, அடுத்த சந்திப்பு எல்லாம் முடிவாகின்றன. அவருக்கு உண்மையில் புரிந்ததா என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.

பெயரோடு நின்றுவிடாதீர்கள்

பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த வாரத்திலேயே மறந்துவிடும். ‘ஏன் இப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் மறக்காது.

இதயத்தின் இடது கீழறைச் சுவர், வலது கீழறைச் சுவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பானது. வலது அறை பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் ரத்தத்தை அனுப்பினால் போதும். இடது அறை தலை உச்சியிலிருந்து கால் விரல் வரை அனுப்ப வேண்டும். வேலை அதிகம், அதனால் தசையும் அதிகம். இதைப் புரிந்துகொண்டவருக்கு எந்தப் பக்கம் தடிப்பு என்ற குழப்பமே வராது.

மூச்சும் அப்படித்தான். காற்றை உள்ளே இழுப்பதால் நெஞ்சு விரிகிறது என்று பலர் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குகிறது. விலா எலும்புகள் உயர்கின்றன. நெஞ்சறை விரிந்து உள்ளே அழுத்தம் குறைகிறது. அதன் பிறகே காற்று உள்ளே பாய்கிறது. மூச்சுத் திணறும் நோயாளியை நிமிர்த்தி உட்கார வைப்பதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. படுத்திருக்கும்போது வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. உட்கார்ந்தால் அவை கீழே இறங்கி அதற்கு இடம் விடுகின்றன. தாதி செய்யும் ஒரு சின்ன வேலைக்குள்ளே ஒரு பாடமே இருக்கிறது.

நம் சொற்களே பாதி விளக்கம்

தமிழில் விளக்கிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் நம் சொற்களின் அருமை எனக்குத் தெரிந்தது. நுரையீரல் என்ற சொல்லைப் பாருங்கள். உள்ளே பல நூறு மில்லியன் நுண்ணிய காற்றுப் பைகள் நிறைந்த உறுப்பை ‘நுரை’ என்பதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? கெட்டியாக இருப்பது கல்லீரல். பெயரே உறுப்பின் தன்மையைக் காட்டிவிடுகிறது.

இங்கும் மலேசியாவிலும் நம் பெரியவர்கள் நீரிழிவை ‘இனிப்பு நீர்’ என்பார்கள். மலாய்க்காரர்கள் ‘கென்சிங் மானிஸ்’ என்கிறார்கள். அதற்கும் இனிப்பான சிறுநீர் என்றே பொருள். சீன மொழியில் அது ‘சர்க்கரைச் சிறுநீர் நோய்’. லத்தீன் மருத்துவப் பெயரில் வரும் ‘மெலிட்டஸ்’ என்ற சொல்லுக்குத் தேன்போல் இனிப்பது என்று பொருள். எல்லாரும் ஒரே அறிகுறியைக் கண்டே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு தொடர் நிகழ்வு. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது சர்க்கரையும் சேர்ந்தே வடிகிறது. நலமாக இருப்பவரின் சிறுநீரகம் அதை முழுவதுமாக மீட்டு ரத்தத்துக்கே திருப்பிவிடும். ரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் மீட்டெடுக்கும் திறனுக்கு மிஞ்சிவிடுகிறது. மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் தங்கி, தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அதனால் அடிக்கடி சிறுநீர் போகிறது. உடலில் நீர் குறைவதால் தாகம் எடுக்கிறது.

இந்த வரிசை தெரியாவிட்டால் என்ன ஆகும்? ‘தண்ணி நிறையக் குடிக்கிறேன், அதான் அடிக்கடி போகுது’ என்று நினைத்து ஒருவர் தண்ணீரைக் குறைத்துவிடலாம். ஏற்கெனவே நீரை இழந்துகொண்டிருக்கும் உடல் மேலும் வற்றும். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் புரிந்துகொள்வது தேர்வில் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கும். வீட்டில் அது ஒருவரை மருத்துவமனைக்கே அனுப்பிவிடும்.

சொல் வழிதவறும் இடங்கள்

எல்லாச் சொற்களும் இப்படி உதவுவதில்லை. எனக்கு அதிகம் யோசனை தந்த சொல் ‘நரம்பு’. ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்போம். பாடத்தின்படி அது சிரை, அதாவது ரத்தக்குழாய். உழைத்தவர் கையில் நரம்பு புடைத்திருக்கிறது என்போம். அதுவும் சிரை. பாடத்தில் வரும் நரம்போ உணர்ச்சியை மூளைக்கும், மூளையின் கட்டளையைத் தசைக்கும் கொண்டுசெல்வது.

நீரிழிவு நோயாளியிடம் ‘காலில் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது’ என்று சொன்னால் அவர் நினைப்பது ரத்தக்குழாயாக இருக்கலாம். ‘சூடு, வலி இதையெல்லாம் மூளைக்குச் சொல்லும் கம்பி பழுதாகிவிட்டது, காயம் பட்டாலும் உங்களுக்குத் தெரியாது’ என்று சொன்னால் பொருள் மாறிவிடும். கோயில் பிராகாரத்தில் உச்சி வெயிலில் சுட்ட தரையில் வெறுங்காலுடன் நடந்தால் கொப்புளம் வந்ததுகூடத் தெரியாமல் போகலாம் என்று சேர்த்துச் சொன்னால், தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல்வதன் காரணமும் விளங்கிவிடும்.

‘ரத்தக் கொதிப்பு’ இன்னொரு சொல். கொதிப்பு என்றதும் சூடும் கோபமும் படபடப்பும் நினைவுக்கு வருகின்றன. ‘எனக்குத்தான் ஒன்னும் பண்ணலையே’ என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. குழாய்ச் சுவரின்மீது ரத்தம் செலுத்தும் அழுத்தம் அது. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாமலேயே இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

‘மாரடைப்பு’ நல்ல சொல்தான். ஆனால் அடைப்பு எங்கே என்று விளக்க வேண்டும். இதயத்தின் அறைகளில் எந்நேரமும் ரத்தம் நிறைந்திருந்தாலும், இதயத் தசை பசியாறுவது தன் மேற்பரப்பில் ஓடும் மெல்லிய தமனிகள் மூலம். அவற்றில் ஒன்று அடைபட்டால் அந்தப் பகுதித் தசை சாகத் தொடங்குகிறது. நீண்டகால நீரிழிவால் நரம்பு மங்கியவருக்கு மாரில் வலி வராமலேயே இது நடக்கலாம். மூச்சுத் திணறல், திடீர் வியர்வை, சோர்வு மட்டும் தெரியலாம். ‘நரம்பு’ பாடமும் ‘இதயம்’ பாடமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

அலசிய தண்ணீர்

வேலையிடப் பயிற்சியின்போது ஒரு பாட்டி கேட்ட கேள்வியை நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சிறுநீரகம் பெரும்பாலும் செயலிழந்துவிட்டது, ரத்தச் சுத்திகரிப்புக்குத் தயாராக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை.

“ஏம்மா, ஒன்னுக்கு நல்லாத்தானே போகுது? ராத்திரியில மூனு தடவ எந்திரிக்கிறேன். அப்புறம் எப்படி கிட்னி கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க?”

அறிவார்ந்த கேள்வி அது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் ஒரு மில்லியன் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. நலமான சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர்மத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. உடலில் இருக்கும் மொத்த ரத்தமே 5 லிட்டர்தான். வடிந்ததில் 99 விழுக்காட்டை மீட்டு ரத்தத்துக்கே திருப்பிவிட்டு, கழிவைச் செறிவாக்கி ஒன்று முதல் இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. வடிகட்டிகள் குறைந்துகொண்டே வரும்போது செறிவாக்கும் திறனும் போகிறது. சிறுநீர் வருகிறது, இரவிலும் வருகிறது. அதில் போக வேண்டிய கழிவு மட்டும் போவதில்லை.

பொறுப்பில் இருந்த மூத்த தாதியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு பாட்டியிடம் சொன்னேன்: “துணி அலசுனா தண்ணி அழுக்கா வெளியே போகணும்ல, பாட்டி? தண்ணி தெளிவாவே போச்சுன்னா அழுக்கு துணியிலயே தங்கிடுச்சுன்னுதானே அர்த்தம்? உங்க கிட்னி தண்ணிய விடுது. அழுக்க ரத்தத்துலயே விட்டுடுது.”

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அளவு கணக்கில்ல, அழுக்குதான் கணக்கு” என்றார். அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் சுத்திகரிப்பைப் பற்றியவை. வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு நேரம், கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டார். மூத்த தாதி ஃபிலிப்பீன்ஸ் நாட்டவர். நான் என்ன சொன்னேன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, பாட்டியின் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

நமக்கு முன்னே ஒருவர்

உடற்கூற்றைத் தமிழில் சொல்வது புதிய முயற்சி அன்று. 1847ல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் உள்ளூர் மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் நடத்திய வகுப்புகளைப் பின்னர் தமிழுக்கே மாற்றினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1872ல் வெளிவந்த உடற்கூறு நூலுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று பெயர். அந்தச் சொல் இன்று வழக்கில் இல்லை. ஊர் மக்களுக்கு மருத்துவம் செய்யப்போகும் மாணவர் அவர்களின் மொழியிலேயே உடலைப் படிக்க வேண்டும் என்ற அவர் எண்ணம் மட்டும் பழையதாகிவிடவில்லை.

நீங்களும் தொடங்கலாம்

தாதிமை, இயன்மருத்துவம், கதிரியக்கத் துறை என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பாடம்தான் அடித்தளம். இப்போதே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, முதல் பத்தியில் ஆங்கிலப் பெயர், இரண்டாவதில் பாடநூல் தமிழ், மூன்றாவதில் வீட்டுப் பெரியவர்கள் பேசும் சொல் என எழுதுங்கள். மூன்றாவது சொல் இரண்டாவதோடு பொருந்தாத இடங்களில் வட்டமிடுங்கள். நோயாளிக்குக் குழப்பம் வரக்கூடிய இடங்கள் அவைதான்.

வார்டில் மாணவர்கள் தாமாகவே மருத்துவ ஆலோசனை சொல்லக்கூடாது. மருத்துவரும் தாதியும் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் புரியவைப்பதே நம் வேலை. அதற்கும் முதலில் நமக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை இதயத்தைப் பற்றிப் படிக்கும்போது, புத்தகத்தை மூடிவிட்டு வீட்டில் இருக்கும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ மாரடைப்பு என்றால் என்னவென்று இரண்டு நிமிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நீங்கள் அடுத்துப் படிக்க வேண்டிய பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.