கரண்டி ஆண், கத்தி?

மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. மகளை அனுப்ப ரசப்பொடியும் ஸ்வெட்டரும் போதும் என்றிருந்தேன். மனைவியும் ஜெர்மன் மொழியில் ‘ஏ1’ பரீட்சை தேறவேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. 2007-ல் வந்த சட்டமாம். சிலருக்கு விலக்கு உண்டு, எங்களுக்கு இல்லை.

வீட்டிலேயே படித்துப் பார்த்தாள். எங்கள் இளம்பிள்ளையில் விடிந்தால் தறிச் சத்தம்! காதால் கேட்டு விடை குறிக்கும் பகுதியே 20 நிமிஷம். அறிவிப்புகளை ஒரே தடவைதான் போடுவார்கள். “ஒண்ணுமே காதுல விழலைம்மா” என்று அழுதாள். 100-க்கு 60 வாங்க வேண்டுமே!

சென்னை நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் நேரடி வகுப்பு உண்டு. “புள்ளைய விட்டுட்டுப் படிப்பா?” என்றார் என் கணவர். “ரெண்டு மாசம் பிரிஞ்சிருந்தா அப்புறம் மூணு பேரும் ஒண்ணா இருக்கலாமுங்க” என்றேன். ஒன்றரை வயசுப் பேரன் நாலு ராத்திரி அழுதான். ஹாஸ்டலில் அவளும் அழுதாளாம்.

சகோதரிகளே, அந்த மொழியில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை! 21-ஐ ‘ஒன்றும் இருபதும்’ என்பார்கள். டெலிபோன் நம்பர் கேட்டு எழுதினால் தலை சுற்றும். லீவில் வந்தவள் அடுக்களைச் சாமான்களில் எல்லாம் சீட்டு ஒட்டினாள். புளி ஜாடியைக்கூட விடவில்லை. நல்ல யோசனைதான், நானே பத்துச் சொல் கற்றுக்கொண்டேன்.

72 மார்க் வாங்கித் தேறிவிட்டாள். விசாவுக்குக் காத்திருக்கிறோம். பேரன் கரண்டியைக் கண்டால் “லோஃபல்” என்கிறான்.