ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்!

பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட மனசு வராத ஆசாமியா நீங்கள்? கை கொடுங்கள், நானும் அதே கட்சி! என்னுடையது 2010-ல் வாங்கியது. ஆன் செய்துவிட்டு, காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் திரையில் ஏதாவது தெரியும்.

வைத்தியம் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குத் துணையாக ஒரு எஸ்.எஸ்.டி. சேர்ப்பது. விண்டோஸ் புதுசில், கணக்கு வழக்கு, கல்யாண போட்டோ எல்லாம் பழசில்.

ஒரு காலத்தில் இது பெரிய ரோதனை. ரிப்பன் மாதிரி பட்டையாக ஒரு கேபிள், அதில் இரண்டு டிஸ்க். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். யார் யார் என்று சொல்ல, டிஸ்க்கின் பின்னால் மூக்குத்தி சைஸில் ஜம்பர் என்று ஒரு வஸ்து. இரண்டும் 'நான்தான் மாஸ்டர்' என்றால் போச்சு! 2003 வாக்கில் சாட்டா வந்து, ஆளுக்கு ஒரு கேபிள் கொடுத்துச் சண்டையைத் தீர்த்தது.

தீர்ந்ததா?

சமீபத்தில் ஆடிட்டர் நண்பர் ஒருவர் போன் செய்தார். "ஸார், மெக்கானிக் வந்து புது டிஸ்க் போட்டுட்டுப் போனார். சும்மா பறந்துச்சு! பழசு மட்டும் 'கர்ரு கர்ரு'ன்னுச்சா... அதோட ஒயரைக் கழட்டினேன். இப்ப விண்டோஸே வரலை!" பன்னிரண்டு வருடத்து க்ளையன்ட் கணக்குகள். குரல் உடைந்திருந்தது.

விஷயம் இதுதான். இரண்டு டிஸ்க்கையும் மாட்டி வைத்துக்கொண்டு விண்டோஸை ஏற்றினால், அது புதுசில் குடியேறிவிட்டு, கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் சின்னப் பகுதியை மட்டும் பழசிலேயே விட்டு வைக்கக்கூடும். கடையைப் புது இடத்துக்கு மாற்றிவிட்டு, சாவியைப் பழைய வீட்டு ஆணியில் தொங்கவிட்ட கதை!

"பழசை மறுபடி மாட்டுங்க. வந்ததும், முதல்ல கணக்கையெல்லாம் வெளி டிஸ்க்ல காப்பி எடுங்க. அந்தக் 'கர்ரு' நல்ல சகுனம் இல்லை" என்றேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு 'முடிஞ்சுது ஸார்' என்று செய்தி வந்தது. மறுநாள் பிளக்கைப் பிடுங்கி, பழசின் கேபிளைக் கழற்றிவிட்டு, புதுசு மட்டும் இருக்கும்போது விண்டோஸை மறுபடி ஏற்றினோம். முதல் தடவையே அப்படிச் செய்திருந்தால் அரை மணி வேலை.

எஸ்.எஸ்.டி. வாங்கும்போது கடைக்காரர் விலை உயர்ந்ததைக் காட்டுவார். மயங்காதீர்கள். அந்த வயது மதர்போர்டுகள் பலவற்றில் சாட்டா வழியே நொடிக்கு 300 எம்.பி.க்கு மேல் போகாது. பி.காம். படித்தவன் பாஷையில், தண்டச் செலவு.

அப்புறம், மதர்போர்டில் எட்டணா சைஸில் ஒரு பாட்டரி, நம்பர் 2032. அது தீர்ந்தால், எந்த டிஸ்க்கிலிருந்து எழுவது என்ற வரிசையே மறந்துபோகலாம். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் அதுதான் அடையாளம்.

ஆடிட்டரிடம் சொன்னேன். பதறிவிட்டார்.

"பின்தேதியா? என்ன ஸார் இது, நாங்க செஞ்சாத்தானே தப்பு!"