மேளத்தில் ஒரு பெரியவர்

“பல் போனால் சொல் போச்சு” என்று சொல்லிவைத்த மகாநுபாவர் நாதஸ்வரம் வாசித்தவர் அல்லர் என்பது நிச்சயம். வாசித்திருந்தால் சொல்லோடு நிறுத்தியிருக்க மாட்டார். வாய்ப்பாட்டு வித்வானுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டால் ஸாஹித்யத்தில் சில எழுத்துக்கள் காற்றாகப் போகும். ரஸிகர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. நாதஸ்வரக்காரரின் சமாசாரம் வேறு. நாணல் இனத்துத் தட்டையில் செய்த சீவாளியை அவர் உதடுகளால் கவ்விப் பிடிக்கிறார். அந்த உதடுகளுக்குப் பின்னால் தாங்கலாக நிற்பவை பற்கள். குழலில் விரல்களுக்கென்று உள்ள துளைகள் 7 தான். அந்தத் துளைகளுக்குள் அடங்காத நுட்பமான ஸ்வர ஸ்தானங்களையெல்லாம் உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் வேகத்தாலுமே பிடித்தாக வேண்டும். தோடியின் காந்தாரம் அசைவதும் அங்கேதான். ஆகவே, பல் ஆட்டம் கண்டால் ராகமும் ஆட்டம் காணும்.

அப்படியிருந்தும், காவேரிக் கரையில் உற்சவம் நடக்கும் ஊர்களுக்குப் போனால், மேளத்தில் 65, 70 வயதான ஒருவர் நின்றுகொண்டிருப்பதை இன்றும் காணலாம். நெற்றி நிறைய விபூதி, வாத்தியத்திலிருந்து கொத்தாகத் தொங்கும் சீவாளிகள், நரைத்த தலை. “பாவம், வயிற்றுப் பிழைப்பு!” என்று சிலர் அநுதாபப்படுகிறார்கள். “பரம்பரைப் பாத்தியதை, லேசில் விடுவார்களா?” என்று வேறு சிலர் சிரிக்கிறார்கள். என் அபிப்பிராயம் இரண்டிலும் சேராது. கிழவர் ஒருவர் இருந்தே தீருவார் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வகுத்ததுபோல இருக்கிறது, நாதஸ்வர மேளத்தின் அமைப்பு.

வேலையின் கடுமையை முதலில் சொல்லிவிட வேண்டும். சபைக் கச்சேரியில் வித்வான் உட்கார்ந்து வாசிக்கிறார். மணி பார்த்து முடிக்கிறார். வீதியில் அந்தச் சௌகரியம் கிடையாது. ஸ்வாமி புறப்பட்டால் நான்கு வீதியும் சுற்றி வந்தாக வேண்டும். நடப்பதும் நிற்பதுமாக ராத்திரி பாதி கழிந்துவிடும். கல்யாணமானால் முதல் நாள் மாலையே போய் இறங்க வேண்டும். முகூர்த்தம் விடியற்காலை 4½ மணிக்கென்றால் தூக்கம் ஏது? வாத்தியமும் இளைத்துப் போனதல்ல. முன்காலத்தில் வழங்கிய திமிரி நாதஸ்வரம் குட்டை, சுருதி அதிகம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் கைபட்டுப் பிரபலமான பாரி நாதஸ்வரம் நீளமானது, நாதமும் கனமானது. துளைகள் விலகி நிற்பதால் விரல்களை விரித்துப் பிடிக்க வேண்டும். மார்கழிக் குளிரில் விறைத்துப்போகும் முதிய விரல்களுக்கு இது என்ன சோதனை என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு விசித்திரம். பாரிக்குப் பெருமை தேடிக் கொடுத்த ராஜரத்தினம் பிள்ளை 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்தார், அறுபதை எட்டவில்லை. அவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் காலமானபோது ஐம்பதைக்கூட நெருங்கவில்லை. கிழவராகி வாசிப்பது எப்படி என்பதைக் காட்டாமலே இருவரும் போய்விட்டார்கள். அதைக் காட்டியவர் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திர தேசத்துக் கரவதியில் 1924-இல் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, தஞ்சாவூர் பாணியைத் தமதாக்கிக்கொண்டவர் அவர். சென்னை மியூஸிக் அகாடமியின் ஸங்கீத கலாநிதி பட்டம் 1998-இல், 74-ஆம் வயதில் அவருக்குக் கிடைத்தது. மறு வருஷம் காலமானார். அவரிடமே வித்தை கற்ற பேரப்பிள்ளைகள் காசிமும் பாபுவும் அவருடன் அமர்ந்து வாசித்து வந்தார்கள்.

பேரன் பக்கத்தில் அமர்வது வெறும் பாசத்துக்காக என்று நினைத்துவிடக்கூடாது. நாதஸ்வரம் ஜோடியாக வாசிக்கும் வாத்தியம். ஒருவருக்கு மூச்சு முடியும் இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்வார். ஒருவர் ராகத்தை விரித்தால் மற்றவர் ஷட்ஜத்தில் நிற்பார், அல்லது அவர் விட்ட பிடியைத் திருப்பி வாசிப்பார். குரு எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பதைச் சிஷ்யன் பாடத்தோடு பாடமாகப் பழகிக்கொள்கிறான். வருஷங்கள் செல்லச் செல்லக் குருவின் மூச்சு குறைகிறது; சிஷ்யன் எடுத்துக்கொள்ளும் பங்கு அதே அளவுக்கு வளர்கிறது. கும்பகோணத்தை அடுத்த கிராமம் ஒன்றில் தெற்கு வீதித் திருப்பத்தில் நான் கண்டது இது: பெரியவர் காம்போதியில் மேலே போய்க்கொண்டிருந்தார். தார ஸ்தாயியைத் தொடப்போகிற சமயம் குழலைச் சற்றே தாழ்த்தினார். இளையவர் அதே மூச்சாக மேலே ஏறி நின்றுவிட்டார். கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. தவில்காரர் மட்டும் கவனித்து, உதட்டோரத்தில் சிரித்துக்கொண்டார். பெரியவர் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பிடிக்குக் கீழ் ஸ்தாயியில் வந்து சேர்ந்தார். அந்தக் கீழ் ஸ்தாயி இருக்கிறதே, அதன் நிதானம் இளையவருக்கு இன்னும் 20 வருஷத்துக்கு வராது.

தவில் வித்வானுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. பலாமரத்துக் கட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். தோல்வாருக்குப் பதில் இரும்பு வளையமும் திருகாணியும் வந்த பிறகு சுருதி நன்றாக நிற்கிறது, பாரமும் ஏறிவிட்டது. ஆதலால் வயதான தவில்காரர்கள் பந்தலில் உட்கார்ந்து வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டு, ஊர்வலத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள்.

பெரியவரிடம் மேளம் எதிர்பார்ப்பது மூச்சை மட்டுமா? கோயில் மேளத்துக்கு நேரமும் சந்தர்ப்பமும் உயிர். ஸ்வாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி. தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி. விடியலில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி. கல்யாணத்தில் ஊஞ்சலுக்கு இன்னது, மாலை மாற்றலுக்கு இன்னது என்று வரிசை உண்டு. முகாரி பந்தலுக்குள் வரலாகாது. சாஸ்திரிகள் விரலை அசைத்ததும் கெட்டி மேளம் எழ வேண்டும். தும்மலோ அபசகுன வார்த்தையோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காக ஏற்பட்டது அது. இந்தக் காலத்துப் பையன்கள் கைப்பேசியில் கேட்டுக் கேட்டே நூறு கிருதிகள் பாடம் செய்துவிடுகிறார்கள். பழனி தேவஸ்தானப் பள்ளியிலும் அரசு இசைப் பள்ளிகளிலும் முறையாகக் கற்றவர்களும் வருகிறார்கள். அவர்கள் வித்தைக்குக் குறைவில்லை. ஆனால் புறப்பாடு ஒரு மணி தாமதமானால் மல்லாரியை எப்படி நீட்டுவது, மழை வந்து ஸ்வாமி அவசரமாகத் திரும்பினால் எதை விட்டு எதை வாசிப்பது? அப்போது எல்லோருடைய கண்களும் பெரியவர் பக்கம் திரும்புகின்றன.

கல்யாண வீட்டார் கண்கள் மட்டும் திரும்புவதில்லை என்பதுதான் துக்கம். அச்சாரம் கொடுக்கும்போதே, “வயசானவர் வேண்டாம், சினிமாப் பாட்டு வாசிக்கிற பையன்களாக அனுப்புங்கள்” என்கிறார்கள். மலையாள தேசத்துச் செண்டையை வரவழைத்து வாசலில் நிறுத்துகிறவர்களும் உண்டு. பல கோயில்களில் தீபாராதனைக்கு மின்சார யந்திரமே மேளமும் மணியும் அடித்துவிடுகிறது. அதற்குப் பல்லும் விழாது, பங்கும் கொடுக்க வேண்டாம்! ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. 2020-இல் பெருந்தொற்று வந்து திருவிழாக்கள் நின்றபோது, எல்லா மாதமும் ஆடி மாதமாகிவிட்டது. நலிந்த கலைஞர்களுக்கு அரசாங்கம் மாதாந்தர உதவித்தொகை தருகிறது, நல்ல காரியம்தான். ஆயினும், பந்தலில் வாசித்து வாங்கும் பங்கையும் உதவித்தொகையையும் எந்த வித்வானும் ஒரே கையால் வாங்குவதில்லை.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து குழல் செய்யும் ஆசாரிகளுக்கு அதனால் மதிப்பு உண்டாயிற்று. குழலை ஊதுகிறவருக்கு இவ்விதம் முத்திரை போட்டுக் கொடுப்பார் யாருமில்லை. எப்போது நிறுத்துவது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. சிலர் பல் கட்டிக்கொண்டு, புதிய பல்லுக்கு உதட்டைப் பழக்கிக்கொண்டு, மறுபடியும் ஆறு மாதம் அகார ஸாதகம் செய்வதுபோல் நீண்ட ஸ்வரங்களை ஊதிப் பார்க்கிறார்கள். சிலர் முதல் நாதஸ்வரத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தாம் இரண்டாவதாக நிற்கிறார்கள். இன்னும் சிலர் குழலை உறையில் போட்டுவிட்டுத் தாளத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். எட்டு வயதில் மேளத்தில் சேர்ந்தபோது அவர்கள் முதன் முதலில் பிடித்ததும் அந்தத் தாளத்தைத்தான். இப்போது அது முதிய கையில் இருப்பதால், கோர்வை முடிகிற சமயத்தில் தவில்காரர் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் கடைசி அடியைப் போடுகிறார்.