சேர்வது எளிது, விலகுவது எப்படி? சந்தா வெப்சைட் எடுக்கும் சிறு வணிகர்களுக்கு

சென்னை கொரட்டூர் ரயில் நிலையத்தைச் சுற்றிய கடைத்தெருவிலும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளிலும் சிறு தொழில்கள் நிறைந்திருக்கின்றன: தையல், ஆரி வேலைப்பாடு, கேக், கேட்டரிங், டியூஷன், ஏசி சர்வீஸ். பக்கத்தில், 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளும் மோல்டிங் யூனிட்டுகளும் இருக்கின்றன. ஆர்டர் தர வருபவர் முதலில் கேட்பது, "உங்களுக்கு வெப்சைட் இருக்கா?" என்பதுதான்.

கோடிங் தெரியாதவரும் ஒரே மாலையில் தளம் அமைத்துக்கொள்ள உதவுபவை வெப்சைட் பில்டர்கள். விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், ஷாப்பிஃபை, கோடாடி, நம் ஊரில் வேர்விட்ட ஸோஹோ எனப் பல உண்டு. மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தா கட்டினால் வடிவமைப்பு, சர்வர் இடம், பாதுகாப்பு எல்லாம் கிடைக்கும். நல்ல சேவைதான். ஆனால் இது வாடகைக் கடை. சந்தா நின்றால் ஷட்டர் இறங்கிவிடும். உள்ளே இருக்கும் சரக்கையும் வெளியே மாட்டிய பெயர்ப்பலகையையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதை உள்ளே நுழையும்போதே கேட்டுவிட வேண்டும்.

யாருடைய கருத்தை நம்புவது?

பில்டரைத் தேர்வு செய்யும் முன் பயனர் கருத்துகளைப் படிப்பது நல்ல பழக்கம். ஆனால் ஐந்து நட்சத்திரக் கருத்துகளில் பல சேர்ந்த புதிதில் எழுதப்படுபவை. டெம்ப்ளேட் அழகு, வேலை சுலபம், சப்போர்ட்டில் உடனே பேசினார்கள் என்றெல்லாம் இருக்கும். அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பிரச்சினை தொடங்குவது இரண்டாம் ஆண்டு ரினிவலின்போதும், விலக நினைக்கும்போதும்தான். அதனால் இரண்டு ஆண்டு பயன்படுத்தியவர், விலகியவர் ஆகிய இரு தரப்பின் கருத்தையே தேடிப் படியுங்கள். பில்டரின் பெயரோடு 'ரினிவல்', 'ரீஃபண்ட்', 'கேன்சல்' என்ற சொற்களைச் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும்.

'டாப் 10 பில்டர்கள்' போன்ற பட்டியல்களில் பல, நீங்கள் சேர்ந்தால் எழுதியவருக்குக் கமிஷன் கிடைக்கும் இணைப்புகளோடு வருகின்றன. பொருளாதாரத் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. இணையவழி மதிப்புரைகளை எப்படிச் சேகரித்து வெளியிட வேண்டும் என்பதற்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. அதைப் பின்பற்றுவது கட்டாயமாக்கப்படவில்லை. ஆகவே சலித்தெடுக்கும் பொறுப்பு வாசிப்பவருடையது.

ரினிவல் கணக்கு

ஓர் உதாரணக் கணக்கு. 'மாதம் 200 ரூபாய்' என்கிறது விளம்பரம். ஆனால் ஓராண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டச் சொல்கிறார்கள்: 2,400 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 432. கையிலிருந்து போவது 2,832. சலுகை முதல் ஆண்டோடு முடிகிறது. அடுத்த ஆண்டு வழக்கமான விலை மாதம் 500 என்றால், வரியோடு 7,080 ரூபாய்.

இந்த 7,080 ரூபாய்க்கு ஓடிபி வராமலே போகலாம். கார்டிலும் யூபிஐ ஆட்டோபேயிலும் முதல்முறை அனுமதி தந்துவிட்டால், சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரை அடுத்தடுத்த தவணைகளை ஓடிபி இல்லாமல் எடுக்க ரிசர்வ் வங்கி 2022 ஜூன் முதல் அனுமதிக்கிறது. அதே விதிகள் உங்களுக்கு ஒரு காப்பும் தருகின்றன. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்தத் தவணையை மட்டுமோ, முழு அனுமதியையுமோ ரத்து செய்யும் வழியும் தர வேண்டும். விளம்பர எஸ்எம்எஸ் என்று நினைத்து நாம் தள்ளிவிடும் செய்திகளுக்குள் இது இருக்கக்கூடும். இனித் திறந்து பாருங்கள்.

பெயர் யார் பெயரில்?

பண இழப்பைவிடப் பெரிய இழப்பு டொமைன் இழப்பு. விசிட்டிங் கார்டிலும் வேன் பக்கவாட்டிலும் அச்சடித்த அந்த முகவரிதான் தொழிலின் அடையாளம். "வெப்சைட், டொமைன் எல்லாம் நாங்களே பார்த்துக்கறோம் சார்" என்று போனில் பேசும் ஏஜென்சிகள் சில, டொமைனைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்துவிடுகின்றன. பிறகு சண்டை வந்தாலோ ஏஜென்சி மூடினாலோ முகவரி அவர்களோடு போய்விடும்.

டாட் காம் போன்ற பெயர்களுக்கான ஐகான் அமைப்பின் விதிப்படி, காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும். அந்த மின்னஞ்சல் பதிவில் இருக்கும் முகவரிக்கே போகும். அங்கே ஏஜென்சியின் மெயில் இருந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. காலாவதியாகி நீக்கப்பட்ட டாட் காம் பெயரை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. கட்டணம் வழக்கத்தைவிட அதிகம். அதன்பின் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பெயர் உங்கள் பதிவில் இருந்தால் நிலைமையே வேறு. ஒரு நிறுவனத்தை விட்டு வேறு நிறுவனத்துக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். அதற்கான ரகசியக் குறியீட்டை (ஆத்கோடு) நீங்கள் கேட்ட 5 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது ஐகான் விதி. புதிதாகப் பதிந்த முதல் 60 நாள் மட்டும் பொதுவாக மாற்ற முடியாது. டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. அவற்றையும் இப்படிக் குறியீடு பெற்று மாற்றிக்கொள்ள முடியும்.

சரக்கை எடுத்துப் போக முடியுமா?

விக்ஸில் உருவாக்கிய தளத்தை அப்படியே எடுத்து வேறு சர்வரில் வைக்க முடியாது. இதை அந்நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. ஷாப்பிஃபையில் பொருள் பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், வடிவமைப்பை வேறிடத்தில் பயன்படுத்த முடியாது. 2003 முதல் இருக்கும் வேர்ட்பிரஸ் திறந்தமூல மென்பொருள் என்பதால் இடம் மாற்றுவது சுலபம், பராமரிப்பு வேலை அதிகம். எதைத் தேர்ந்தாலும் தவறில்லை, விலகும் வழி தெரிந்து தேர்ந்தால் போதும்.

சேவையே மூடப்படுவதும் நடக்கும். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாக அமைத்த கடைத் தளங்களை கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்தியது. அந்த முகவரிக்கு வந்தவர்கள் ஜூன் 10 வரை கடையின் புரொஃபைலுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அதன்பின் முகவரி செத்தது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதை வேறு தளத்தோடு இணைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அச்சடித்த கார்டுகள் வீணாயின.

சட்டம் உங்களை 'நுகர்வோர்' என்று ஏற்குமா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. அதே சட்டம் ஒரு விலக்கும் தருகிறது: வாங்கிய பொருளைச் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது.

இந்த எல்லைக்கோட்டை உச்ச நீதிமன்றம் விளக்கிய முக்கியத் தீர்ப்பு, கோவை பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிராக லக்ஷ்மி எஞ்சினியரிங் தொடுத்த வழக்கில் 1995இல் வந்தது. அதன்படி, தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோரே. ஆனால் பெரிய அளவு உற்பத்திக்கு இயந்திரம் வாங்கிய அந்த வழக்கின் மனுதாரர் நுகர்வோர் அல்ல என்றே தீர்ப்பானது. லாபம் பெருக்க மென்பொருள் உரிமம் வாங்கும் கம்பெனியும் நுகர்வோர் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் வழக்கில் கூறியது.

நமக்கு இதன் பொருள்: வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவர், தானே டியூஷன் எடுப்பவர், ஓர் உதவியாளரோடு ஏசி சர்வீஸ் செய்பவர் ஆகியோர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வாய்ப்பு உண்டு. புகாரில் 'இது என் சுயதொழில், இதுவே என் பிழைப்பு' என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். பல பணியாளர்களைக் கொண்ட பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் வக்கீல் நோட்டீஸ், சமரசம், சிவில் நீதிமன்றம் ஆகியவையே வழி.

தடை செய்யப்பட்ட தந்திரங்கள்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாவில் சேர்ந்தபின் ரத்து செய்யும் வழியை மறைப்பது, ரத்தைச் சுற்றிவளைத்துச் சிக்கலாக்குவது, இலவச சோதனைக்கே ஆட்டோ டெபிட் அனுமதியைக் கட்டாயமாகக் கேட்பது ஆகியவை அதில் 'சந்தாப் பொறி'. விலையை முதலில் முழுதாகக் காட்டாமல் கடைசிப் பக்கத்தில் ஏற்றுவது, கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, இலவச சோதனை கட்டணச் சந்தாவாக மாறுவதைச் சொல்லாமல் பணம் எடுப்பது, இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பது ஆகியவையும் தடையில் அடங்கும்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் உதவும். அவற்றின்படி, முன்கூட்டியே டிக் செய்த பெட்டியைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது?

1. கணக்கின் பில்லிங் பகுதியில் ரத்து செய்து, திரையைப் படம் எடுத்து வையுங்கள். தளத்தை அழிப்பதோ ஆப்பை நீக்குவதோ சந்தாவை ரத்து செய்ததாகாது.

2. யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலுக்குப் போய் அனுமதியை ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் வங்கியின் ஈ-மேண்டேட் (ஆட்டோ டெபிட் அனுமதி) பகுதியில் ரத்து செய்யுங்கள்.

3. நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குத் தேதி, தொகை, கேட்கும் தீர்வு மூன்றையும் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது.

4. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

5. ரத்து செய்த பின்னும் பணம் எடுக்கப்பட்டாலோ, 24 மணி நேர முன்னறிவிப்பு வராமல் எடுக்கப்பட்டாலோ வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். தகவலுக்கு 14448.

6. அடுத்தது நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஈ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ஒப்பந்த நிபந்தனையே நியாயமற்றது என்ற புகார் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போகும்.

7. 'உங்க டொமைன் இன்றோடு முடிகிறது, இந்த லிங்க்கில் கட்டுங்கள்' என்று வரும் போலிச் செய்தியில் பணம் போனால் உடனே 1930ஐ அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கையெழுத்துக்கு முன்

ஏஜென்சியிடமோ பில்டரிடமோ நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். டொமைன் என் பெயரில், என் மெயிலில் பதிவாகுமா? இரண்டாம் ஆண்டுத் தொகை வரியோடு எவ்வளவு? பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் விவரங்களையும் கோப்பாக எடுக்க முடியுமா? எத்தனை நாளுக்குள் விலகினால் பணம் திரும்ப வரும்? நேரான பதில் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள். படங்கள், விலைப் பட்டியல், வாடிக்கையாளர் எண்கள் ஆகியவற்றின் நகலை மாதம் ஒருமுறை உங்கள் கம்ப்யூட்டரில் சேமியுங்கள்.

பயன்படுத்திய பின் உங்கள் கருத்தையும் எழுதுங்கள். கோபத்தில் வசை வேண்டாம். என்ன தேதி, எவ்வளவு தொகை, எத்தனை நாளில் பதில் வந்தது என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். நல்லது நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த கடைக்காரருக்கு அதுதான் உதவும். கொரட்டூர், பாடி, அம்பத்தூர் வணிகர் சங்கங்கள் தங்கள் கூட்டத்தில் இதற்கென்று சிறிது நேரம் ஒதுக்கி, ரினிவல் செய்தவர்களையும் விலகியவர்களையும் பேச வைக்க வேண்டும்.

ஏற்கனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் இன்றே இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்: டொமைன் யார் பெயரில் இருக்கிறது, அடுத்த ரினிவல் தேதி எது. பெயர் உங்களுடையதாக இல்லையென்றால், உறவு சுமுகமாக இருக்கும்போதே மாற்றி வாங்கிவிடுங்கள்.