புரோகிராம் ஓடுது... ஆனா பாஸ் ஆகலை!

'விடை சரி, கையெழுத்து கோணல்'னு மார்க்கைக் குறைக்கிற வாத்தியார் எல்லார் ஸ்கூல்லயும் ஒருத்தராவது இருந்திருப்பார். இன்டர்ன்ஷிப் போன இடத்துல அவரை மறுபடி சந்திச்சேன். இந்த முறை அவர் மனுஷர் இல்லை மக்கா... ஒரு டெஸ்ட்!

முதல் வாரம். பைத்தான்ல சின்னதா ஒரு வேலை. இருநூறு வரி எழுதி, ஓட்டிப் பார்த்து, காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு அனுப்பினேன். எல்லா டெஸ்ட்டும் பச்சை. கடைசியில ஒண்ணு மட்டும் சிவப்பு. 43 தப்பு! பதறிப்போய்ப் பார்த்தா, 'வரி நீளம்', 'கமாவுக்கு அப்புறம் இடம் விடலை', 'வரி முடிவுல வெற்றிடம்'... அடப்பாவிகளா, கண்ணுக்கே தெரியாத வெற்றிடத்துக்கெல்லாமா ஃபெயில்?

பக்கத்து சீட் அண்ணன் சிரிச்சார். "முன்னாடியெல்லாம் இதை நான்தான் வாயால சொல்லிட்டிருந்தேன் தம்பி. பசங்க முகம் வாடிடும். சில பேர் சண்டைக்கே வருவாங்க. இப்ப மெஷின் திட்டுது, யாருக்கும் கோபம் வர்றதில்லை!"

பைத்தானை எப்படி எழுதணும்னு 'பெப் 8' என்ற விதிமுறை 2001-லேயே வந்தாச்சு. எழுதினவங்கள்ல ஒருத்தர், பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம். எழுதுறதைவிடப் படிக்கிறதுதான் அதிகம் நடக்குது என்பது அவர் கட்சி. அதனால வரிக்கு 79 எழுத்துதான். குழு ஒத்துக்கிட்டா 99 வரைக்கும் போகலாம். இதைச் சரிபார்க்கிற கருவிக்கும் 'பெப்8'னே பேர் இருந்து குழப்பினதால, 2016-ல 'பைகோட்ஸ்டைல்'னு மாத்தினாங்க. டெஸ்ட்டுகளோட இதைச் சேர்க்க அஞ்சாறு வரி போதும். எல்லா ஃபைலையும் பாரு, தப்பு எண்ணிக்கை பூஜ்யமான்னு கேளு. ஒண்ணு இருந்தாலும் ஃபெயில்.

"எல்லாம் வெறும் அழகுக்குத்தானேண்ணா?"னு முறைச்சேன். ஆப்பிள் கதையை எடுத்துவிட்டார்.

2014 பிப்ரவரி. ஐபோன் பாதுகாப்பான இணையதளத்தோட பேசும்போது, எதிர்ல இருக்கிறது அசல்தானான்னு பார்க்கிற சி புரோகிராம்ல, 'கோட்டு ஃபெயில்'ங்கிற வரி அடுத்தடுத்து ரெண்டு தடவை இருந்துச்சு. தள்ளி எழுதியிருந்ததால ரெண்டுமே 'இஃப்'புக்குள்ள இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா, அடைப்புக்குறி இல்லை. ரெண்டாவது வரி எப்பவுமே ஓடி, கையெழுத்துச் சோதனையைத் தாண்டிக் குதிச்சு, 'எல்லாம் ஓகே'ன்னுடுச்சு. நடுவுல ஒருத்தன் புகுந்து நம்ம பேச்சை ஒட்டுக்கேட்க அது போதும்! இப்படிக் கண்ணை ஏமாத்துற வரிகளை எச்சரிக்கிற வசதியை ஜிசிசி கம்பைலர் 2016-ல 6-ம் பதிப்புல சேர்த்துச்சு. (பைத்தான்ல தள்ளி எழுதுறதே இலக்கணம். அந்த வகையில தப்பிச்சோம்.)

இந்த டெஸ்ட் ஒண்ணும் பெரிய மேதாவி இல்லை. மாறிக்கு 'ஏ1', 'ஏ2'ன்னு கேவலமா பேர் வெச்சிருந்தேன்... கண்டுக்கவே இல்லை. கணக்கே தப்பா இருந்தாலும் அழகா இருந்தா விட்டுடும்.

43-ஐயும் மதியச் சாப்பாட்டுக்குள்ள சரிபண்ணி அனுப்பினேன். அண்ணன் அப்புறம்தான் நிதானமா படிச்சார். கமாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. ஒரே ஒரு கேள்வி: "பட்டியல் காலியா வந்தா எதால வகுப்பே?"

பூஜ்யத்தால! அதை நான் யோசிக்கவே இல்லை. மெஷினும் யோசிக்கலை.

சாயங்காலம் உட்கார்ந்து அதுக்கும் ஒரு டெஸ்ட் எழுதி ஓட்டினேன். காலிப் பட்டியல் பாஸ். ஆனாலும் ஓரத்துல ஒரு சிவப்பு.

நான் எழுதின புது வரியில 80 எழுத்து!